கீறல் விழாத வண்டி

மார்ச் 5, செவ்வாய்

காலையில் முதல் நோயாளியே காறை எலும்பு முறிவு. கல்லூரிப் பையன். மலைப்பாதையில் பைக் ஓட்டி விழுந்திருக்கிறான். எக்ஸ்ரே மேசையில் தோளைத் திருப்பி வைத்தபோது வலியில் முகமெல்லாம் வேர்த்துவிட்டது. அந்த நிலையிலும், "படம் நல்லா வருமா மேடம்? ஃப்ரெண்ட்ஸுக்கு அனுப்பணும்" என்கிறான்.

இருபது வருஷமாக இதைத்தான் பார்க்கிறேன். மணிக்கட்டு, முழங்கை, காறை எலும்பு, கணுக்கால். எனக்கு இந்த ஆசை வரலாமா? வந்துவிட்டது.

இவர்தான் காரணம், என் வீட்டுக்காரர். போன வருஷம் அந்தப் பெரிய வண்டியை வாங்கியதிலிருந்து ஞாயிறு விடிந்தால் மலை. மதியம் வந்து சாப்பிட உட்கார்ந்தால் கதை. ஓடைக்குள் வண்டியை இறக்கியது, உச்சிக்குப் போனபோது பனி விலகியது, பாறைமேல் உட்கார்ந்து யாருமே பேசாமல் இருந்தது... மகள் பிசைந்த சாதத்தை மறந்துவிட்டுக் கேட்பாள். நானும்தான். குழாயும் தொட்டியுமாகக் குடிநீர் வாரியத்தில் காலம் தள்ளுகிற மனுஷனுக்குள் இப்படி ஒரு ஆளா என்று இருக்கும்.

இன்று சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "நானும் ஓட்டப் போறேங்க. மலைப்பாதையில. எனக்கும் ஒரு வண்டி பாப்போம்."

இவர் கை அப்படியே நின்றது. "உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?"

"உங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தான்."

மகள் கைதட்டினாள். இவர் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே, "சரி, வண்டிய நான்தான் பாத்துச் சொல்வேன்" என்றார். கியர் வண்டி எனக்குப் புதிதில்லை. கல்யாணத்துக்கு முன் அண்ணன் வண்டியை நான் ஓட்டாத தெரு கிடையாது. மண்ணும் பாறையும்தான் புதிது.

மார்ச் 6, புதன்

காலையில் காபியைக் கொடுத்தபோது இவர் என் முகத்தையே பார்க்கவில்லை. என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன்?

மார்ச் 9, சனி

ஷோரூம் போனோம். வாசலிலேயே சிவப்பு நிறத்தில் ஒரு அழகான வண்டி, எலும்பும் தோலுமாக. அதைப் பார்த்து நின்றேன். விற்பனையாளர் ஓடி வந்து, "அது பந்தய வண்டி மேடம். விளக்கு, கண்ணாடி, நம்பர் பிளேட் எதுவும் கிடையாது. ரோட்டுல எடுத்தா பிடிச்சு வச்சுக்குவாங்க. வேன்ல ஏத்தித்தான் மலைக்குக் கொண்டு போகணும்" என்றார். எங்களிடம் வேன் ஏது? வீட்டிலிருந்து ரோட்டில் ஓட்டிப்போய், மலையிலும் ஏறி, திரும்பி அதிலேயே வர வேண்டும். "அப்படின்னா ரோட்டுக்கும் பாதைக்கும் சேர்ந்த மாதிரி" என்று அவர் ஒரு சின்ன வண்டியின் பக்கம் நடந்தார்.

இவர் விடவில்லை. "அதெல்லாம் பசங்க ஓட்டுறது. என்னோடது மாதிரியே காட்டுங்க."

அந்தப் பெரியதில் என்னை ஏற்றி உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தால் கட்டை விரல் மட்டும்தான் தரையைத் தொடுகிறது. வண்டி என்னைவிட மூன்று மடங்கு கனம் இருக்கும். ஸ்டாண்டை எடுத்ததும் இடது பக்கம் சாய ஆரம்பித்தது. சாய்ந்தால் சாய்ந்ததுதான், நான் பிடித்து நிற்கிற சமாச்சாரம் இல்லை அது. விற்பனையாளர் பாய்ந்து பிடிக்காவிட்டால் இன்று என் கணுக்காலை நானே படம் எடுத்திருப்பேன்.

"பழகிடும்" என்றார் இவர்.

"சரிவுல நின்னா காலை எங்கங்க ஊனுவேன்?"

"நான் ஊனலையா?"

இவர் என்னைவிட இரண்டு விரல்தான் உயரம். அதைச் சொல்ல வாயெடுத்தேன். விற்பனையாளர் இருந்ததால் விழுங்கிவிட்டேன். வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. என்னால் முடியாது என்று தெரிந்துதான் அதைக் காட்டினாரா?

மார்ச் 10, ஞாயிறு

இவர் மலையிலிருந்து வந்து தூங்கிவிட்டார். நான் வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் போனேன். ஓட்டப்போகிறவள் நாலு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கீழே குனிந்து பார்த்தேன்.

மட்கார்டில் சேறு. பக்கவாட்டில் சேறு. ஆனால் இன்ஜினுக்கு அடியில், கல் அடிக்காமல் இருக்க ஒரு தகடு இருக்குமே, அதில் ஒரு கீறல்கூட இல்லை. முகம் பார்க்கலாம் போலிருக்கிறது. இவர்கள் குழுவின் தலைவர் வண்டியை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர், எல்லோரும் கேப்டன் என்பார்கள். அவர் வண்டித் தகடு அடுப்பில் விழுந்து எழுந்த அண்டா மாதிரி இருக்கும்.

டயரைத் தடவிப் பார்த்தேன். புது டயரில் மெல்லிய ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்குமே, ஓரங்களில் அது அப்படியே இருக்கிறது. ஒரு வருஷம்! ஒரு வருஷமாகப் பாறையில் ஏறுகிற டயர்!

எங்கே உடைந்திருக்கிறது என்று படத்தைப் பார்த்ததும் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. இதில் எதுவுமே உடையவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 11, திங்கள்

அப்படின்னா ஞாயிறு ஞாயிறு எங்கதான் போறார்?

மார்ச் 13, புதன்

தங்கையிடம் வாய்விட்டது தப்பு. போனிலேயே குரல் தாழ்ந்துவிட்டது அவளுக்கு. "அக்கா, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காத. மழையோ வெயிலோ ஒரு வாரம் தவறாம ஒரு ஆம்பள கிளம்புறார்னா, அது வண்டிக்காக இருக்காது."

"வாய மூடுடி" என்று வைத்துவிட்டேன்.

வைத்து என்ன பயன்? மதியம் ஒரு பெரியவருக்கு நெஞ்சுப் படம். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். படம் வந்துவிட்டது. நான் திரையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உள்ளேயிருந்து திணறலாக ஒரு குரல்: "அம்மா... விடலாமா?"

விடச் சொல்லவே மறந்துவிட்டேன். பாவம், முகம் சிவந்துபோய் நின்றார். கை கூப்பாத குறையாக மன்னிப்புக் கேட்டேன்.

மார்ச் 15, வெள்ளி

சண்டை.

"இந்த ஞாயிறு நான் பின்னாடி உக்காந்து வரேன். பாதைய ஒரு தடவ பாத்துக்கறேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

"பாறையில டபுள்ஸ் போக முடியாது."

"அடிவாரம் வரைக்கும் வரேன்."

"அங்க வந்து என்ன பண்ணுவ? ஒண்ணும் கிடையாது அங்க."

"ஒண்ணும் இல்லாத இடத்துக்கு நீங்க மட்டும் ஏன் போறீங்க?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வண்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம். வீட்ல நிம்மதியா இருக்க விடறியா நீ?" இவர் குரல் உயர்ந்து நான் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிறு போகப் போகிறேன். எதைப் பார்த்தாலும் சரி.

மார்ச் 17, ஞாயிறு

நிதானமாக எழுத வேண்டும்.

இவர் கிளம்பிக் கொஞ்ச நேரம் விட்டு ஸ்கூட்டரில் புறப்பட்டேன். மகளிடம் தங்கை வீட்டுக்கு என்று பொய். ரோடு முடிந்து மண்பாதை தொடங்குகிற இடத்தில் ஒரு கடை, பக்கத்தில் ஒரு புளியமரம். மரத்தடியில் இவர் வண்டி மட்டும் தனியாக நின்றது. மற்ற வண்டிகள் மேலே போன தடம் மண்ணில் புதுசாக இருந்தது.

கல்குவியலுக்குப் பின்னால் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். கடையில் ஒரு பெண் தெரிந்தாள். எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் பார்த்தேன், சொன்னால் வெட்கக்கேடு. எழுபது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. முட்டியில் கட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இவர் கடைக்குப் பின்பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். முழங்கால் கவசம், மார்புக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, போருக்குப் போகிற ராஜா மாதிரி. கையில் ஸ்பேனர். அந்த அம்மாவின் தண்ணீர்க் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். வேறு யாரும் இல்லை. வேறு எதுவும் இல்லை.

நான் போகாமல் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. கேப்டனும் மற்றவர்களும் சேறும் சகதியுமாக இறங்கி வந்தார்கள். இவர் ஓடிப்போய் அவர்களிடம் நின்றார். கேப்டன் கையை ஆட்டி ஆட்டி எதையோ சொல்ல, இவர் வாயைப் பிளந்து கேட்டார். எங்கள் மகள் கேட்பாளே, அதே மாதிரி. அவர்கள் போன பிறகு இவர் வாய்க்கால் ஓரம் குனிந்து ஒரு கை சேறு அள்ளினார். மட்கார்டில் பூசினார். தள்ளி நின்று பார்த்தார். இன்னும் கொஞ்சம் பூசினார்.

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

இவருக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்து உலை வைத்தேன். மதியம் சாப்பிடும்போது புதுக் கதை. மேலே மான் ஒன்று குறுக்கே வந்ததாம். நான் இன்னும் ஒரு கரண்டி சாதம் வைத்தேன்.

மார்ச் 18, திங்கள்

வேறு பெண் இல்லை என்ற நிம்மதி காலை வரைக்கும்தான் இருந்தது. இப்போது கோபம். ஒரு வருஷம்! எங்களை உட்கார வைத்து ஒரு வருஷம் கதை சொல்லியிருக்கிறார். அந்தக் கதையைக் கேட்டுத்தானே எனக்கு ஆசையே வந்தது? அதுவும் பொய்யா? கேட்டுவிடலாமா? கேட்டால் இந்த மனுஷன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்?

மார்ச் 20, புதன்

மதிய இடைவேளையில் கேப்டன் கடைக்குப் போனேன். இவரைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கு என்ன வண்டி வாங்கலாம் என்றுதான் கேட்டேன். மாத்திரை எண்ணிக்கொண்டே சொன்னார்.

"புதுசா பழகுறவங்க எப்படியும் விழுவாங்க மேடம். அதனால எவ்ளோ வேகம் போகும்னு கேக்காதீங்க. விழுந்தா நீங்களே தனியா தூக்கி நிறுத்த முடியுமா? அதான் முதல் கேள்வி. உக்காந்தா ரெண்டு காலும் தரையில படணும். சக்கரம் கம்பி வச்சதா இருக்கணும், அலாய் வீல்னா கல்லுல அடிச்சா விரிசல் விடும். ஏற்கெனவே நாலு கீறல் விழுந்த பழைய வண்டியா வாங்குங்க, மனசு பதறாது."

பிறகு குரலைத் தாழ்த்தினார். "சார் வண்டி நல்ல வண்டிதான். ஆனா அது நெடுஞ்சாலைக்கு. பழகாதவங்க அத மலையில ஏத்தக் கூடாது. முதல் நாளே சரிவுல காலை ஊனப் பாத்தார், எட்டல. அப்படியே கால்மேல சாஞ்சிடுச்சு. நாங்க மூணு பேர் சேந்து தூக்குற வரைக்கும் அடியிலதான் கிடந்தார். பேச்சே வரல அவருக்கு." சட்டென்று நிறுத்தினார். "உங்ககிட்ட சொன்னார்ல?"

"சொன்னார், சொன்னார்" என்றேன்.

சொல்லவில்லை. மறுநாள், ஆபீஸ் படியில் வழுக்கிவிட்டேன் என்று எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து நின்றார். கெண்டைக்கால் முழுக்கக் கறுத்துப்போயிருந்தது. படம் எடுத்ததே நான்தான். எலும்பு முறிவு இல்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னதும் நான்தான்.

மார்ச் 23, சனி

வாங்கிவிட்டேன்.

தனியாகப் போனேன். அதே ஷோரூமில் பின்கட்டில் பழைய வண்டிகள் நின்றன. அதில் ஒரு சின்னது. விளக்கு, கண்ணாடி, நம்பர் பிளேட் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கம்பி வைத்த சக்கரம், முன்சக்கரம் பெரியது. அடித்தகட்டில் வேண்டிய மட்டும் கீறல். உட்கார்ந்து பார்த்தேன். முன்பாதம் இரண்டும் அழுத்தமாகத் தரையில் பட்டது. நெடுஞ்சாலையில் பெரிய வேகம் வராது என்றார் விற்பனையாளர். எனக்கு என்ன அவசரம்?

"இதைக் கீழே படுக்க வைங்க" என்றேன்.

"மேடம்?"

"தரையில படுக்க வைங்க. நான் தூக்கிப் பாக்கணும்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் படுக்க வைத்தார். வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட்டில் இடுப்பை முட்டுக்கொடுத்து, ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் பின்கம்பி. காலால் உந்தினேன். முதல் தடவை அசையவே இல்லை. அடுத்த தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு உந்தியதும் எழுந்து நின்றது. நானும் அதுவும்.

வீட்டுக்கு ஓட்டி வந்தேன். இவர் வாசலுக்கு வந்து பார்த்தார். "பசங்க வண்டின்னு சொன்னேனே" என்றார். குரலில் காற்றே இல்லை.

"நாளைக்கு சேந்து போலாங்க" என்றேன்.

மார்ச் 24, ஞாயிறு

அடிவாரம் வரை இவர் முன்னால், நான் பின்னால். இரண்டு தடவை நின்றார். கிளட்ச் சரியில்லை என்றார், வயிறு சரியில்லை என்றார். கேப்டனிடம், "நீங்க போங்க, நாங்க மெதுவா வரோம்" என்றேன். முதல் ஏற்றத்தின் முடிவில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும். இவர் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அப்போது அந்தக் கடைக்காரம்மா நொண்டிக்கொண்டே வந்தார்கள். "சார், போன வாரம் மாட்டுன குழா திரும்ப ஒழுகுது சார்."

இவர் என்னைப் பார்த்தார். நான் தெரியாதவள்போல முகத்தை வைத்திருக்க வேண்டும். முடியவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"போன ஞாயிறு வந்திருந்தேன். ஸ்கூட்டர்ல."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்தே பேசினார். "விழுந்த அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொல்லிடணும்னுதான் வந்தேன். பொண்ணு வாசல்லயே நின்னு, எப்படிப்பா இருந்துச்சுன்னா. சூப்பர்னு சொல்லிட்டேன். அவ மூஞ்சியப் பாத்தேன். அப்புறம் நிறுத்த முடியல."

"அது சரி. எனக்கு ஏன் அந்த எருமைய வாங்கச் சொன்னீங்க?"

கையுறையைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

"ஏங்க?"

"நீயும் பயந்துடுவேன்னு பாத்தேன். பயந்துட்டா ரெண்டு பேரும் வீட்லயே இருந்துடலாம்னு..."

அதைக் கேட்டதும் எனக்குள் என்னவோ அறுந்தது. "கால் உடைஞ்சிருந்தா? உங்க மேல விழுந்த மாதிரி என் மேல விழுந்திருந்தா? தினம் தினம் அதையே பாத்துட்டு வர்றவ நான். தெரிஞ்சே அதுல ஏத்தி உக்கார வச்சீங்களே, மனுஷனா நீங்க?"

ஹெல்மெட் ஆடியது. அழுகிறாரோ என்னவோ. நான் நின்று பார்க்கவில்லை. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு மேலே போய்விட்டேன்.

கோபத்தில் ஏறினால் ஏறிவிடலாம் என்று நினைத்தேன். முதல் வளைவிலேயே மண் சக்கரத்தை வாரிவிட்டது, விழுந்தேன். தோள் அடிபட்டது. காறை எலும்பைத் தடவிப் பார்த்தேன், முழுசாக இருந்தது. திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். வண்டியைத் தூக்கினேன். தூக்க முடிந்தது. மேலே கேப்டன் நின்றிருந்தார், ஒன்றும் கேட்காமல் முன்னால் போனார்.

ஓடை வரை போனேன். ஓடை நிஜமாகவே இருக்கிறது.

வீடு வரைக்கும் இந்தத் தடவை நான் முன்னால், இவர் பின்னால்.

மார்ச் 27, புதன்

ஞாயிறிலிருந்து இவரோடு பேச்சில்லை. தோளில் நீலம் பாரித்திருக்கிறது.

மார்ச் 30, சனி

இவரே மகளிடம் சொல்லிவிட்டார். நான் சமையலறையில் இருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

முதலில் அவள் சிரித்தாள், விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று. பிறகு, "அப்போ அந்த மான்?" என்றாள்.

"கேப்டன் பாத்தது."

"பனி விலகுனது?"

"அதுவும் அவங்க பாத்ததுதான்மா. நான் கீழ கடையில இருந்தேன்."

"ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொன்னேனேப்பா." அவ்வளவுதான் சொன்னாள். அறைக்குள் போய்விட்டாள். இவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இவர் இன்று வரவில்லை. நான் மட்டும் போய் உச்சி வரைக்கும் ஏறிவிட்டு வந்தேன். மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். வழக்கமாக இவர் கதை சொல்கிற நேரம். மூன்று பேரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"மேல என்ன இருந்துச்சு?" இவர்தான் கேட்டார்.

சொன்னேன். உச்சியில் ஒரு மொட்டைப் பாறை. காற்றில் நிற்க முடியவில்லை. தூரத்தில் நம் ஊர்த் தண்ணீர்த்தொட்டி தீப்பெட்டி மாதிரி தெரிந்தது. "நான் கட்டின தொட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். மகள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். இந்த ஒரு வாரத்தில் முதல் தடவை.

ஏப்ரல் 13, சனி

சந்தைக்குப் பின்னால் இருக்கிற காலி மைதானத்தில் என் சின்ன வண்டியில் இவர். ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து உட்கார்ந்து வட்டம் அடிக்கிறார். மண் குவியல் வந்ததும் பிரேக். திரும்ப வட்டம். குவியல், பிரேக். மகள் பொறுமை இழந்து, "அப்பா, நின்னுட்டே ஓட்டுங்கப்பா, கேப்டன் அங்கிள் அப்படித்தான் ஓட்டுவாரு!" என்று கத்தினாள். எழுந்து நின்றார். ஏறினார். அந்தப் பக்கம் போய் விழுந்தார். நான் ஓடுவதற்குள் தானே தூக்கிவிட்டார்.

தூக்கிவிட்டு வண்டியை அப்படியும் இப்படியும் பார்த்தார். "இவ்ளோதானா இது?" என்றார்.

ஏப்ரல் 21, ஞாயிறு

பெரிய வண்டியை வெளியில் எடுக்கவில்லை. இவர் சின்னதை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து அடிவாரம் போனோம். வழியெல்லாம் இவர் முதுகு பலகை மாதிரி விறைத்திருந்தது. கேப்டன் முன்னால் போனார். இவர் கிளட்சைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனார்.

கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். கடைக்காரம்மா காபி கொடுத்தார்கள். மரங்களுக்குள் இரண்டு வண்டிச் சத்தமும் தனித்தனியாகக் கேட்டது. கேப்டனுடையது கனமான குரல், என்னுடையது கொஞ்சம் கீச்சென்று இருக்கும். முதல் வளைவு. அடுத்தது, பாதைக்குக் குறுக்கே படி மாதிரி நிற்கிற பாறை. கீச்சுச் சத்தம் ஓங்கியது, இழுத்தது, சட்டென்று நின்றது.

காத்திருந்தேன். கேப்டன் வண்டிச் சத்தம் எங்கோ மேலே போய் அதுவும் அடங்கிவிட்டது. ஒரு குருவி கத்தியது. காபி ஆறியது.

"விழுந்துட்டாரோ?" என்றார்கள் அந்த அம்மா.

எழுந்துவிட்டேன். போக வண்டி இல்லை. செருப்போடு மண்பாதையில் நடக்கத் தொடங்கினேன். கணுக்காலா, மணிக்கட்டா, தோளா என்று மனசு ஒவ்வொரு படமாக மாட்டிப் பார்த்துக்கொண்டே வந்தது. கூப்பிடலாமா? கூப்பிட்டால் திரும்பி வந்துவிடுவாரோ? வாய்வரை வந்த குரலை அடக்கிக்கொண்டேன்.

மேலே வண்டியை உதைக்கிற சத்தம். பிடிக்கவில்லை. மறுபடி உதைத்தார். இருமிவிட்டுப் பிடித்தது. கீச்சென்று ஏறி, பாறைப் படிக்கும் மேலே, நான் எதிர்பார்த்ததற்கும் மேலே போய்க்கொண்டே இருந்தது.

முழுக்கக் கேட்காமல் போகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். திரும்பி வந்தபோது கடைக்காரம்மா ஆறிய காபியைக் கொட்டிவிட்டு வேறு ஊற்றி வைத்திருந்தார்கள்.

"உக்காருங்கம்மா, வர நேரமாகும்" என்றார்கள்.

உட்கார்ந்தேன்.